நடுவில் நிற்பவர் யாருக்காக நிற்கிறார்? ப்ராக்ஸியின் வரலாறும் நம் தெருவின் வரலாறும்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டம். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். இரண்டு பேர் ராஜபாளையத்தில் மில் ஷிப்டு முடித்து, தூக்கம் கலையாத கண்ணோடு பஸ் ஏறி நேராக வந்தவர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசி முடித்து டீ குடிக்கும்போது, ஒரு தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, ப்ராக்ஸி போட்டுட்டா நாம யாருன்னு கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

ஏன் கேட்கிறான் என்று விசாரித்தேன். அவன் ஊர் சலூனில் காலனி ஆட்களுக்கு முடிவெட்ட மறுக்கிறார்கள். அதை ஒரு புனைபெயர்க் கணக்கில் படத்தோடு எழுதியிருக்கிறான். மூன்றாம் நாள், அவன் அப்பா கூலி வேலைக்குப் போகும் தோப்பில், "உன் மகன் செல்போன்ல என்னென்னமோ எழுதுறானாமே, படிக்கத்தானே அனுப்புற?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. "நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லல" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அவனைக் கண்டுபிடித்தது போலீஸ் அல்ல. ஊர். ஆளும் பேரும் மூன்றே நாளில் தெரிந்துவிட்டது.

முடியும், முடியாது என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. அன்று நேரம் போதவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவனுக்காகத் தொடங்கியது, உங்கள் எல்லோருக்குமான பதிவாகிவிட்டது.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்

கல்லூரியில் படித்த யாருக்கும் ப்ராக்ஸி புதிய சொல் அல்ல. வகுப்புக்கு வராத நண்பனுக்காக வருகைப் பதிவின்போது குரல் கொடுப்பதற்குப் பெயர் ப்ராக்ஸி. கணினியிலும் கிட்டத்தட்ட அதேதான். நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால், உங்கள் இணைப்பின் ஐபி முகவரி அந்தத் தளத்துக்குத் தெரியும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். நடுவில் ஒரு சர்வரை நிறுத்தி, "எனக்காக நீ போய் வாங்கி வா" என்று சொன்னால், தளத்தின் கண்ணுக்கு அந்த நடு சர்வரின் முகவரிதான் தெரியும். அதுதான் ப்ராக்ஸி. உங்கள் போனுக்கும் நடு சர்வருக்கும் இடையிலுள்ள பாதை முழுவதையும் பூட்டிவிட்டால் அதை விபிஎன் என்கிறோம். அப்போது இணைப்பு தரும் நிறுவனத்துக்கு, நீங்கள் அந்த சர்வரோடு பேசுகிறீர்கள் என்பது மட்டும் தெரியும்.

இங்கேதான் நாம் கவனிக்கத் தவறும் விஷயம் இருக்கிறது. தளத்துக்கு உங்களைத் தெரியாது, சரி. இணைப்பு நிறுவனத்துக்குத் தளம் தெரியாது, சரி. ஆனால் நடுவில் நிற்பவருக்கு இரண்டும் தெரியும். கேட்டது யார், போனது எங்கே என்ற இரண்டு தகவலும் ஒரே கையில் வந்து சேர்கிறது. ஆகவே ப்ராக்ஸி என்பது கண்காணிப்பை ஒழிப்பது அல்ல. உங்கள் நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கணினி தேவையில்லை. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் என்ன நடந்தது? மனுத்தாக்கல் செய்யவிடாமல் தடுத்தார்கள். இல்லையென்றால், ஊர் சொன்ன ஆளை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே போனது. 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. அதற்கு முன் ராஜினாமா செய்யவே ஜெயித்தார்களே, அவர்களும் ப்ராக்ஸிதான். பெயர் நம்முடையது, வேலை அவர்களுடையது. அப்படி இருக்க மறுத்து உண்மையான தலைவராகவே இருப்பேன் என்று நின்ற மேலவளவு முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

எனவே ப்ராக்ஸி என்று யார் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நடுவில் நிற்பவர் யாருக்காக நிற்கிறார்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

பதிவேட்டின் காலம்

கண்காணிப்பு இணையத்தோடு பிறந்தது அல்ல. பிரிட்டிஷ் அரசு 1871-ல் குற்றப் பரம்பரையினர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றுதான் சொன்னார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே ரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸ் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் நின்ற பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்தவர்களில் ஒருவர். நம் மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க 1952-ல்.

அந்தச் சாதிகளில் சில இன்று நம் தெருவோடு எப்படி நடந்துகொள்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் இந்த வரலாறு நம்முடையதும்தான். பிறப்பை வைத்து ஒருவனைச் சந்தேகப்படுவது, அந்தச் சந்தேகத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது, பதிவேட்டை வைத்து நடமாட்டத்தைத் தடுப்பது என்ற மூன்று படிகளும் அங்கேதான் ஒன்றாகக் கட்டப்பட்டன. ரேகைக்குப் பதில் இன்று ஐபி முகவரி, சிம் கார்டு. முறை மாறவில்லை.

அதே காலத்தில் நடுவில் ஆள் நிறுத்தும் உத்தியும் இருந்தது. பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகை மீது 1908-ல் அரசு நடவடிக்கை எடுத்தபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் மு.சீனிவாசன். எழுதியது வேறு ஆள். ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றது சீனிவாசன். பாரதியார் பாண்டிச்சேரிக்குப் போனார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊரிலிருந்து அதே பத்திரிகை அச்சாகி பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தது. உள்ளே நுழையக் கூடாது என்று தடை விதித்த பிறகு 1910-ல் நின்றது.

இந்தச் சின்னக் கதையில் ப்ராக்ஸியின் மொத்தப் பாடமும் இருக்கிறது. வேறொரு ஆட்சி எல்லையில் இருக்கும் நடு இடம் கொஞ்ச காலம் காப்பாற்றும். அதையும் வாசலில் வைத்துத் தடுக்க முடியும். அடி விழுந்தால் முதலில் விழுவது பெயர் கொடுத்தவர் மீது. பாரதியாரை எல்லோருக்கும் தெரியும். சீனிவாசனை எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று அம்மா பெயரிலும் தங்கை பெயரிலும் வாங்கிய சிம்மில் கணக்குத் தொடங்கி எழுதும் தம்பிகள் இதை யோசிக்க வேண்டும். நீங்கள் பாதுகாப்பு என்று நினைப்பது, உங்கள் வீட்டுப் பெண்ணைச் சீனிவாசனாக்குவது.

வெளிநாட்டில் தொடங்கியது

இணையத்தில் ப்ராக்ஸி முதலில் ஒளிந்துகொள்வதற்காக வந்தது அல்ல. 1994 வாக்கில் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் உருவான வலை ப்ராக்ஸியின் வேலை, நிறுவனத்தின் பாதுகாப்பு மதிலுக்கு ஒரு வாசல் வைப்பதும், ஒருமுறை இறக்கிய பக்கத்தைச் சேமித்து மற்றவர்களுக்கும் கொடுப்பதும்தான். வாசல் வைத்தவருக்கு வாசலில் உட்கார்ந்து யார் போகிறார், வருகிறார் என்று எழுதி வைக்கவும் முடிந்தது.

ஒளிந்துகொள்ள உதவும் நடுவர் வேறு இடத்தில் பிறந்தார். 1993-ல் பின்லாந்தைச் சேர்ந்த யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் ஒரு மின்னஞ்சல் சேவை தொடங்கினார். உங்கள் கடிதத்தை வாங்கி, பெயரை எடுத்துவிட்டு, வேறு பெயரில் அனுப்பும். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். 1995-ல் சயின்டாலஜி என்ற மத அமைப்பின் புகாரின் பேரில், ஒரு பயனரின் உண்மை முகவரியை அவர் கொடுக்க வேண்டி வந்தது. 1996-ல் சேவையையே மூடிவிட்டார். அவர் நேர்மையானவர், நம்மை ஏமாற்றவில்லை. ஆனால் யாருக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. பட்டியல் இருந்தால் ஒரு நாள் கேட்பார்கள்.

அந்தப் பட்டியலே இல்லாமல் செய்ய முடியுமா என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான் டோர். ஒரு நடுவருக்குப் பதில் மூன்று பேர். முதல் ஆளுக்கு உங்களைத் தெரியும், நீங்கள் போகும் இடம் தெரியாது. கடைசி ஆளுக்குப் போகும் இடம் தெரியும், உங்களைத் தெரியாது. அதன் அடிப்படை யோசனை 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. நம்பிக்கையை ஒருவர் கையில் கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பது. சங்கத்தில் கல்லாச் சாவி ஒருவரிடமும் கணக்கு நோட்டு இன்னொருவரிடமும் இருக்கட்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான்.

பிரவுசிங் சென்டரின் கண்

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. நம் ஊர்களுக்கு அது பிரவுசிங் சென்டராக வந்து சேர்ந்தது. மரத் தடுப்பு வைத்த அறைகள், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று எழுதிய அட்டை, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள். ஒரே இணைப்பை எட்டு கணினிக்குப் பிரித்துக் கொடுக்கக் கடைக்காரரின் கணினியில் ப்ராக்ஸி மென்பொருள் ஓடியது. நம் தலைமுறை சந்தித்த முதல் ப்ராக்ஸி அதுதான். அது நமக்காக நிற்கவில்லை, கல்லாவில் இருந்தவருக்காக நின்றது.

நான் கல்லூரியில் படித்தபோது நம் பகுதியில் ஒரு சென்டருக்கு வழக்கமாகப் போவேன். அண்ணல் அம்பேத்கரின் எழுத்துகளையும், வன்கொடுமை வழக்குத் தீர்ப்புகளையும் அங்கே உட்கார்ந்துதான் தேடிப் படித்தேன். ஒரு நாள் காசு கொடுக்கும்போது கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, எந்நேரமும் கேஸ் சட்டமாவே பாக்குற? யார் மேல போடப் போற?" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அன்று கடையில் இருந்த மற்ற நான்கு பேருக்கும் நான் யார், எந்தத் தெரு என்று தெரிந்துவிட்டது. அடுத்த ஆறு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. என் கணினித் திரையில் என்ன இருந்தது என்பது டெல்லிக்குத் தெரிவதைப் பற்றி எனக்கு அன்று பயமே இல்லை. கடைத்தெருவுக்குத் தெரிவதுதான் பயம்.

2011 ஏப்ரலில் ஒன்றிய அரசு சைபர் கஃபே விதிகளை வெளியிட்டது. அடையாள அட்டை இல்லாமல் யாரையும் உட்காரவைக்கக் கூடாது. வந்தவர் விவரங்களை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். தடுப்பின் உயரம் நாலரை அடியைத் தாண்டக் கூடாது. பார்த்த தளங்களின் பட்டியலையும், கடையில் ப்ராக்ஸி இருந்தால் அதன் பதிவுகளையும் சேமிக்க வேண்டும். ப்ராக்ஸி என்ற சொல் அரசு விதியிலேயே இருக்கிறது, கண்காணிக்கும் கருவியாக.

தடை வந்தபோது

ப்ராக்ஸியின் இன்னொரு முகத்தை நாம் தடைகளின்போதுதான் பார்த்தோம்.

2006 ஜூலை 11 அன்று மும்பை ரயில்களில் குண்டு வெடித்தது. அடுத்த சில நாட்களில் சுமார் 17 தளங்களைத் தடுக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் தலித் பெயரில் இயங்கிய தலித்ஸ்தான் தளமும் ஒன்று. அதில் வந்த எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஏன் தடை, எந்த வரிக்காகத் தடை என்று யாரும் சொல்லவில்லை. அதோடு, சில பக்கங்களை மட்டும் தடுக்கத் தெரியாத இணைப்பு நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், ஜியோசிட்டீஸ் என்று மொத்தமாக மூடின. தமிழில் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் பக்கத்தையே தாங்கள் பார்க்க முடியாமல் நின்றார்கள்.

அப்போது கைகொடுத்தது பிகேபிளாக்ஸ் என்ற தளம். அந்த வருடத் தொடக்கத்தில் பாகிஸ்தானில் பிளாக்ஸ்பாட்டைத் தடுத்தபோது, அங்குள்ளவர்களுக்காக உருவான மாற்று வழி அது. எல்லையில் சண்டைபோடும் இரண்டு நாட்டின் எழுத்தாளர்களும் ஒரே சந்து வழியாக வெளியே வந்தார்கள்.

அடுத்த வருடம், 2007 ஜூனில், இலங்கை அரசு தமிழ்நெட் தளத்தைத் தடுத்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம். தன் ஊரில் என்ன நடக்கிறது என்று படிக்கவே ஒரு ஈழத் தமிழர் ப்ராக்ஸி தேட வேண்டிய நிலை.

2012-ல் நம் சென்னையிலேயே நடந்தது. '3', 'தம்மு' என்ற இரண்டு படங்களின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவை வைத்து, இணைப்பு நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே மே மாதத்தில் மூடின. திருட்டுப் படத்துக்கும் நம் ஆவணப்படத்துக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. ஜூன் 22 அன்று, முழுத் தளத்தை அல்ல, குறிப்பிட்ட முகவரியைத்தான் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடையில் கல்லூரி விடுதிகளில் ப்ராக்ஸி தளங்களின் பெயர்கள் நோட்டில் எழுதிக் கைமாறின. தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு வருகைப் பதிவு அல்லாத ப்ராக்ஸி அறிமுகமானது அந்தக் கோடையில்தான்.

ஆனால் அதற்கு முன்பே, தெரியாமலேயே, நம் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ப்ராக்ஸி பயன்படுத்தினார்கள். நோக்கியா போனில் ஓப்பரா மினி ஞாபகம் இருக்கிறதா? தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். முகவரிப் பட்டையில் ஓப்பரா கான்ஃபிக் என்று அடித்து, கடைசி வரியில் பிட்மேப் எழுத்துரு என்பதை ஆமாம் என்று மாற்றினால், தமிழ் பளிச்சென்று வரும். எப்படி வந்தது? நாம் கேட்ட பக்கத்தை ஓப்பரா நிறுவனத்தின் சர்வர் வாங்கி, எழுத்தைப் படமாக மாற்றி, சுருக்கி அனுப்பியது. நாம் படித்த எல்லாமே அந்த சர்வர் வழியாகத்தான் போனது. பூட்டிய பக்கங்கள்கூட அங்கே ஒருமுறை திறக்கப்பட்டன. தமிழ் படிக்க வேண்டும் என்ற ஆசைக்கு நாம் கொடுத்த விலை அது. தெரிந்து கொடுக்கவில்லை.

இலவசம் என்றால்

இன்று விபிஎன் என்று தேடினால் நூறு இலவசச் செயலிகள் வருகின்றன. ஒரு சர்வரை இருபத்து நாலு மணி நேரமும் ஓட்டப் பணம் வேண்டும். நம்மிடம் வாங்காதவர் வேறு யாரிடமோ வாங்குகிறார்.

ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பயனர்களின் இணைப்பையே இன்னொரு நிறுவனம் வழியாக விற்றுவந்தது 2015-ல் வெளியே வந்தது. நீங்கள் ஒளிந்துகொள்ளப் போட்ட செயலி வழியாக, முகம் தெரியாத ஒருவர் உங்கள் ஐபி முகவரியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்பு விபிஎன் என்று சொல்லிக்கொண்டே பயனர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று நிறுவனத்துக்குச் சொன்னது. 2018-ல் ஆப்பிள் தன் கடையிலிருந்து அதை எடுக்கவைத்தது.

அரசும் நடுவரைத் தேடி வந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்து வருடம் சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க், புரோட்டான் போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. நூறு வருடம் கழித்து மறுபடி பாண்டிச்சேரி.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் மூடிய இணையத்தை 2020 ஜனவரியில் கொஞ்சம் திறந்தபோது, அரசு அனுமதித்த தளங்களை மட்டுமே பார்க்க முடிந்தது. மக்கள் விபிஎன் போட்டார்கள். பிப்ரவரியில் போலீஸ் ஊபா சட்டத்தில் வழக்குப் பதிந்தது. விபிஎன் வைத்திருப்பது நாட்டில் பொதுவாகக் குற்றமல்ல. ஆனால் சந்தேகம் பிறப்பைப் பார்த்து வரும் இடத்தில், கருவியே சாட்சியாக்கப்படும்.

ப்ராக்ஸி காக்காத இடங்கள்

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அடுத்த நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையமே நின்றது. பாதையே இல்லாதபோது எந்த ப்ராக்ஸி எங்கே போகும்? அன்று வேலை செய்தது போனில் ஆள் மாற்றி ஆள் சொன்ன செய்தியும், பஸ்ஸில் கொண்டுபோன மெமரி கார்டும்தான்.

இன்னொன்று பீமா கோரேகான் வழக்கு. 1818 போரில் மகர் வீரர்கள் நின்ற நினைவுக்கு இருநூறாவது ஆண்டாக 2018 ஜனவரி 1 அன்று கூடிய தலித்துகள் மீது தாக்குதல் நடந்தது. பிறகு கைதானவர்கள் எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள். கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம், நெட்வயர் என்ற தீநிரல் மூலம் வெளியிலிருந்து யாரோ அதில் கோப்புகளை வைத்திருக்கிறார்கள் என்று 2021-ல் சொன்னது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். அவர் கணினியிலும் அப்படித்தான் கோப்புகள் வைக்கப்பட்டன என்ற அறிக்கை அவர் இறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, 2022 டிசம்பரில் வந்தது. விசாரணை அமைப்பு இந்த முடிவுகளை ஏற்கவில்லை.

இதில் நமக்கு உள்ள பாடம் எளிது. ப்ராக்ஸி வழியை மறைக்கும், வீட்டைக் காக்காது. எதிரி உங்கள் கணினிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், வழியில் எத்தனை பூட்டுப் போட்டும் பயன் இல்லை. அந்தத் தீநிரல் பெரும்பாலும் வருவது தெரிந்த ஆளின் மின்னஞ்சல்போல வந்த ஒரு இணைப்பிலிருந்து.

அந்தரங்கம் நமக்கு ஆடம்பரமா?

"நாம என்ன தப்பா பண்றோம், ஏன் மறைக்கணும்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 1962-ல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் நடுராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டுவது தவறு என்றது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. 1994-ல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், அது உயிர்வாழும் உரிமைக்குள் இருக்கிறது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை உறுதி செய்தார்கள். அந்தரங்கம் மேட்டுக்குடியின் கவலை, ஏழைகளுக்குச் சோறுதான் முக்கியம் என்ற வாதம் அங்கே வைக்கப்பட்டது. நீதிமன்றம் நிராகரித்தது.

நம் சட்டத்திலேயே அது இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் 15ஏ பிரிவைப் படியுங்கள். சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் வெளியிடாமல் மறைக்கச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். ஏன் அப்படி எழுதினார்கள்? பெயர் தெரிந்தால் என்ன நடக்கும் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைக் கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடைக் கணினியில் திறந்து பிரிண்ட் எடுத்து, அழிக்காமல் வருகிறோமே, அது யார் தவறு? நானே ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். கடைவாசல் தாண்டிய பிறகு ஞாபகம் வந்து, ஓடிப்போய் அழித்தேன். அதற்குள் யாராவது பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தத் தம்பிக்கு

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் பதிவை நானும் பார்த்தேன். சலூன் படம் எதிர்ப்பக்கத் திண்ணையிலிருந்து எடுத்தது. அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தவன் நீ ஒருவன்தான் என்று ஊருக்கே தெரியும். பதிவு போட்ட பத்தாவது நிமிடம், உன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உன் சொந்த நம்பரிலிருந்து இணைப்பைப் பகிர்ந்திருக்கிறாய். கணக்கைத் தொடங்கியதும் அதே நம்பரில். உலகத்தின் மிகச் சிறந்த ப்ராக்ஸி போட்டிருந்தாலும் உன்னைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஆகவே முதலில் யாரிடமிருந்து மறைக்கிறாய் என்று தீர்மானி. ஊரிடமிருந்து என்றால், படம் எடுக்கும் கோணம், நம்பர், பகிரும் குழு, போனை ரிப்பேருக்குக் கொடுக்கும் கடை, யார் வீட்டு வைஃபை என்பவைதான் முக்கியம். நீ படிக்கும் தளம் விடுதிக்கோ கடைக்கோ தெரியக் கூடாது என்றால், நல்ல பெயருள்ள, கணக்குவழக்கை வெளியாரிடம் தணிக்கை செய்யக் கொடுக்கும் விபிஎன் போதும். இலவசமாக வரும் முகம் தெரியாத செயலி வேண்டாம். மூலத் தகவல் தருபவரின் உயிரே பணயம் என்றால், டோர், சிக்னல் போன்றவற்றைத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள். விபிஎன் போட்டுவிட்டு உன் சொந்த ஃபேஸ்புக் கணக்கில் நுழைந்தால், முகமூடி போட்டுக்கொண்டு பெயரைச் சத்தமாகச் சொல்வதுபோலத்தான். எந்தக் கருவியிலும் ஒரே கேள்வி: நடுவில் நிற்பவர் யாருக்காக நிற்கிறார், அவரிடம் பட்டியல் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முகம் மறைத்தே செய்ய முடியாது. சலூன் மறுப்பு குற்றம். அதற்குப் புகார் கொடுக்கப் பெயர் வேண்டும், கையெழுத்து வேண்டும், நிற்க ஆள் வேண்டும். அந்த இடத்தில் நீ தனியாக நிற்கக் கூடாது. அமைப்பின் பெயரில் மனு, இருபது பேரின் கையெழுத்து, கூட ஒரு வழக்கறிஞர். ஒருவர் மீது விழும் அடியை இருபது பேர் பங்குபோட்டுக்கொள்வதும் ஒரு பாதுகாப்புதான்.

வரும் ஞாயிறு அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா. வேலை விஷயம் முதலில் பேசுவோம். போன் அமைப்புகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.